தென்னைக்கு முன்னால் பொள்ளாச்சி

அன்புள்ள ஐயா,

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. மகளைப் பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். போன மாதம் பத்து நாள் அங்கே தங்கி, ஊரைச் சுற்றிப் பார்த்தேன். எங்கே திரும்பினாலும் தென்னை. "இது எப்பவுமே இப்படித்தானா?" என்று சம்பந்தியைக் கேட்டேன். "எங்களுக்குத் தெரிஞ்சு இப்படித்தான்" என்றார்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ஊர் ஏன் இருக்கிறது என்று கேட்டால் ஆற்றைக் காட்டுவோம். பொள்ளாச்சி நகரத்துக்குள் ஆறே இல்லை. அப்புறம் எப்படி அங்கே இவ்வளவு பெரிய சந்தை, இத்தனை கடைவீதி, இத்தனை லாரி? இந்த ஊர் எதை நம்பிப் பிழைக்கிறது? நீங்கள் அந்தப் பக்கத்தைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. ஓய்வுப் பணத்தில் அங்கே நாலு ஏக்கர் தோப்பு வாங்கலாமா என்று ஒரு யோசனை. உங்கள் அபிப்பிராயம் என்ன?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆற்றைத் தேடும் உங்கள் கண்ணுக்குப் பொள்ளாச்சி புதிராகத்தான் இருக்கும். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. உங்கள் சம்பந்தி சொன்னதிலும் தவறில்லை, அவர் வயதுக்கு அவர் பார்த்தது அவ்வளவுதான். ஆனால் அந்தப் பச்சைக்கு வயது குறைவு. ஊர் அதைவிட மிகப் பழையது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் பொள்ளாச்சி பிடிபடும்.

முதலில் ஊர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து குமரி வரை சுவர் மாதிரி நிற்கிறது. அந்தச் சுவரில் இருக்கும் பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய், சுமார் முப்பது கிலோமீட்டர் அகலம். பொள்ளாச்சி அந்த வாசலின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. தெற்கே ஆனைமலை, மேற்கே மலையாள தேசம், கிழக்கே உடுமலை, பழனி வழியாக மதுரைச் சீமை, வடக்கே நாற்பது கிலோமீட்டரில் கோவை. ஒரு பக்கம் நெல்லும் மிளகும் உள்ள ஈர நாடு, இன்னொரு பக்கம் சோளமும் பருத்தியும் மாடும் உள்ள வறண்ட நாடு. ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை. அப்படிப்பட்ட இரண்டு நாடுகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஆறு இல்லாவிட்டாலும் சந்தை வந்துவிடும்.

இது நேற்று வந்த வழி இல்லை. 1800-ல் பொள்ளாச்சியில் ஒரு பானை நிறைய ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துக் காசுகள். மேற்குக் கரைத் துறைமுகத்தில் இறங்கிய பணம் கணவாய் வழியாகக் கரூர்ப் பக்கம் போன பாதையில் எவரோ புதைத்துவைத்துவிட்டு, எடுக்கத் திரும்பி வரவில்லை. ஊர்ப்பெயருக்குப் பொழில் ஆட்சி, பொருள் ஆட்சி என்றெல்லாம் விளக்கம் சொல்வார்கள். எனக்கு அந்தப் பானை போதும்.

சந்தை இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. செவ்வாயும் வியாழனும் மாட்டுச் சந்தை. ஆந்திரா, கர்நாடகத்திலிருந்தெல்லாம் மாடு வரும், பெரும்பாலும் கேரளத்துக்குப் போகும். தரகரும் வியாபாரியும் துண்டுக்கு அடியில் கையைக் கோத்து, விரலைப் பிடித்தே விலை பேசுவதைச் சின்ன வயதில் மணிக்கணக்கில் பார்த்து நின்றிருக்கிறேன். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தொகை தெரியாது. பேச்சு முறிந்தால் முகத்தில்தான் தெரியும். வெல்ல மண்டி, கடலை மண்டி, பருத்தி, வாழைத்தார் என்று அந்த ஊர் கைமாற்றாத பொருள் குறைவு. சுற்றுவட்டாரம் எதை விளைவித்தாலும் அதை விற்றுக்கொடுப்பது ஊரின் தொழில்.

பிறகு இரண்டு விஷயங்கள் ஊரைப் பெருக்கின. ஒன்று தேயிலை. 1890-களில் வால்பாறைப் பக்கம் காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. மலைமேல் ஆயிரக்கணக்கில் கூலிகள், ஆனால் அங்கே ஒரு பிடி அரிசி விளையாது. அரிசி, பருப்பு, துணி, இரும்பு எல்லாமே பொள்ளாச்சியிலிருந்துதான் ஏறியாக வேண்டும். மாட்டு வண்டிகளில் சுமை ஏற்றித் தொழில் தொடங்கிய நாச்சிமுத்துக் கவுண்டர் 1931-ல் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட் தொடங்கினார். ஏ.பி.டி. என்று நீங்கள் பார்த்திருக்கும் பெயர் அதுதான். இரண்டாவது ரயில். போத்தனூரிலிருந்து 1915-ல், திண்டுக்கல்லிலிருந்து 1928-ல், பாலக்காட்டிலிருந்து 1932-ல். பதினேழு வருடத்தில் மூன்று திசையிலிருந்தும் தண்டவாளம் வந்து சேர்ந்தது. 1920-ல் நகராட்சி. 2011 கணக்கெடுப்பில் சுமார் 90 ஆயிரம் பேர்தான். ஆனால் சந்தை நாளில் ஊருக்குள் நடமாடுகிறவர்களை எண்ணினால் இது சின்ன ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, இதில் தென்னை எங்கே வந்தது?

என் அப்பச்சி (அம்மாவின் அப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) நெகமம் பக்கம் பண்ணையம் பார்த்தவர். அவர் பேச்சில் 'தோட்டம்' வேறு, 'காடு' வேறு. கிணறு இருந்தால் தோட்டம், வானத்தை நம்பியது காடு. அவருக்குத் தோட்டம் கொஞ்சம், காடுதான் நிறைய. காட்டில் சோளமும் கொள்ளும் கடலைக்காயும். தோட்டத்தில் மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரில் ராகியும் கொஞ்சம் பருத்தியும். அந்தக் கிணறுகள் பாறை வெட்டிய கிணறுகள், எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். மாடு ஏறி இறங்கும் வாரியின் பள்ளம் அவர் வீட்டுக் கிணற்றோரம் ரொம்ப நாள் இருந்தது. தென்னை கிணற்றுமேட்டில் நாலைந்து நிற்கும், வீட்டுச் செலவுக்கு. ஆனைமலை அடிவாரத்தில் ஆழியாற்றுப் பழைய அணைக்கட்டுகளின் வாய்க்கால் பாய்ந்த சில ஆயிரம் ஏக்கரில் மட்டும் நெல். அதுதான் அன்றைய பொள்ளாச்சியின் பச்சை. மீதியெல்லாம் செம்மண்ணும் வேலமரமும்.

இதை மாற்றியது பி.ஏ.பி. என்று எல்லோரும் சொல்லும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். காவிரிப் பாசனக்காரரான உங்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் இதில் தண்ணீர் போகும் வழியே வேறு.

ஆனைமலையில் பெய்யும் மழை மேற்கே விழுந்து அரபிக்கடலுக்கு ஓடுகிறது. மலைக்குக் கிழக்கே மனிதர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைத் திருப்ப முடியுமா என்பது கேள்வி. காமராஜர் ஆட்சியில் வேலை தொடங்கியது. அப்போது நிதியமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்துக்காரர். 1952 முதல் 1967 வரை பொள்ளாச்சியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் நாச்சிமுத்துக் கவுண்டரின் மகன் நா. மகாலிங்கம். மண்ணைத் தெரிந்தவர்கள் அதிகாரத்தில் இருந்த காலம் அது. கேரளத்தோடு பேசி, இரண்டு மாநிலமும் கையெழுத்திட்டது 1970-ல், ஆனால் ஒப்பந்தம் 1958-லிருந்தே நடப்பில் இருப்பதாக எழுதிக்கொண்டார்கள். காகிதம் முடியும்வரை வேலை நிற்கவில்லை. பக்கத்து மாநிலத்தோடு தண்ணீருக்காக வழக்காடியே பழகிவிட்ட நமக்கு இது நம்ப முடியாததாக இருக்கும்.

தண்ணீரின் பயணத்தைப் பாருங்கள். நீராற்றில் தடுத்த தண்ணீர் சுரங்கம் வழியே சோலையாற்றுக்குப் போகிறது. அங்கிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு பரம்பிக்குளம். அங்கிருந்து இன்னொரு சுரங்கத்தில் தூணக்கடவு. பிறகு சர்க்கார்பதியில் மலையிலிருந்து குழாயில் இறங்கி மறுபடி மின்சாரம். அதன்பின் ஒரு பகுதி ஆழியாற்றுக்கு, மீதி மலையடிவாரத்தை ஒட்டியே 49 கிலோமீட்டர் வளைந்து வளைந்து திருமூர்த்தி அணைக்கு. காண்டூர் கால்வாய் என்பது அதுதான். திருமூர்த்தியிலிருந்து வெள்ளகோவில் கடைமடை வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரதான வாய்க்கால். கேரளத்துக்கு ஒவ்வொரு ஆண்டும் ஆழியாறு வழியாக மணக்கடவில் 7.25 டி.எம்.சி., சோலையாறு வழியாக 12.3 டி.எம்.சி. கொடுத்தாக வேண்டும். திட்டத்தில் மொத்தம் எட்டு ஆறுகள். ஆனைமலையாற்றில் கட்ட வேண்டிய அணை மட்டும் இன்னும் கட்டப்படவில்லை.

உங்கள் ஊரில் மேட்டூர் திறந்தால் தண்ணீர் தன்னால் கீழே ஓடி வரும். இங்கே ஒரு மலையைக் குடைந்து, ஆற்றின் திசையை மாற்றி, ஊருக்கு வழி காட்டிக் கூட்டி வந்திருக்கிறார்கள். தென்னந்தோப்பைப் பார்த்து "இயற்கை கொஞ்சுகிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது. அந்தச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களின் நினைவு வந்துவிடும்.

ஆனால் இந்தத் தண்ணீர் தென்னைக்காக வந்ததே இல்லை. திட்டத்தின் கணக்கு மேட்டுப்பயிர்க் கணக்கு: கடலை, பருத்தி, சோளம். பாசனப் பரப்பு காலப்போக்கில் பெருகி, இன்று ஆழியாறும் திருமூர்த்தியும் சேர்ந்து ஏறக்குறைய 4.25 லட்சம் ஏக்கர். இவ்வளவுக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கத் தண்ணீர் கிடையாது. அதனால் திருமூர்த்திப் பாசனத்தை நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு போகத்துக்கு ஒரு மண்டலம். உங்கள் நிலத்துக்கு வாய்க்கால் தண்ணீர் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும், அதுவும் விட்டுவிட்டு, சுற்றுக் கணக்கில். நாலு சுற்றா ஐந்து சுற்றா என்பதுதான் அங்கே விவசாயிகள் கூட்டத்தில் நடக்கும் பெரிய சண்டை. கடைமடைக்காரர்களின் வேதனை உங்களுக்குப் புதிதாக இருக்காது.

தண்ணீர் வந்த முதல் காலத்தில் கடலைதான் ராஜா. பொள்ளாச்சி பெயரிலேயே நிலக்கடலை ரகங்கள் வெளிவந்தன. ஊருக்குள் எண்ணெய் ஆலை, கடலைக்கிடங்கு, தரகு மண்டி. அறுவடை நாளில் எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக் களத்தில் இருபது முப்பது பெண்கள் உட்கார்ந்து செடியிலிருந்து காய் பறிப்பார்கள். கூலியாகக் கடலைக்காயையே வள்ளத்தில் அளந்து போடுவார்கள். அந்தக் களத்தின் பேச்சும் சிரிப்பும் இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் களம் இன்று தோப்பாகிவிட்டது. ஏன் என்று யோசித்தால் பல கயிறுகள் ஒன்றாக முறுக்கிக்கொண்டது தெரிகிறது. வாய்க்கால் தண்ணீர் நிலத்தில் ஊறியதில் கிணறுகள் ஏறின. மின் மோட்டார் வந்தது. பிறகு சொட்டுநீர் வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும் தண்ணீரை வைத்து நீண்டகாலப் பயிர் செய்ய முடியாது என்றிருந்த நிலை மாறி, கிணறு இருந்தால் முடியும் என்றானது. களை எடுக்கவும் காய் பறிக்கவும் வந்த பெண்களின் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோவை மில்லுக்கும் போனார்கள். 1990-களில் சமையல் எண்ணெய் இறக்குமதி திறந்துவிடப்பட்டு மலிவான பாமாயில் வந்து கடலை எண்ணெய் ஆலைகளின் கழுத்தைப் பிடித்தது. நிலத்துக்காரரின் பிள்ளைகளும் படித்து வெளியூர் போய்விட்டார்கள். ஆள் இல்லாமல், பக்கத்தில் இல்லாமல் செய்யக்கூடிய விவசாயம் எது? ஏக்கருக்கு எழுபது தென்னை வை, சொட்டுநீர் போடு, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை காய் வெட்டு. வேண்டாமென்றால் இளநீருக்குக் குத்தகை விடு. வெட்ட ஆளையும் ஏற்ற வண்டியையும் வியாபாரியே கொண்டுவருவார்.

ஆகவே தென்னை வந்ததற்குத் தண்ணீர் எவ்வளவு காரணமோ, ஆள் இல்லாமை அவ்வளவு காரணம். இதை அங்கே வெளிப்படையாகப் பேசுவது குறைவு.

ஊர் என்ன செய்தது? தன் பழைய வேலையைச் செய்தது. புதிய சரக்குக்குச் சந்தை போட்டது. ஒரு தேங்காயை அந்த ஊர் எத்தனை விதமாக விற்கிறது என்று பாருங்கள். இளநீர் லாரியில் மும்பைக்கும் டில்லிக்கும் போகிறது. பச்சைக்காய் ஒரு விலை, முற்றிக் காய்ந்த கறுப்புக்காய் இன்னொரு விலை. பருப்பு உலர்களத்தில் காய்ந்து கொப்பரையாகிக் காங்கேயத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போகிறது. தொட்டி (சிரட்டை) கரியாகிறது. காயை மூடியிருக்கும் உரிமட்டைதான் அதிசயம். முன்பு அடுப்பெரிக்கவும் வரப்போரம் குவிக்கவும் மட்டும் பயன்பட்டது. இன்று நூற்றுக்கணக்கான நார் மில்கள் அதற்காகக் காத்திருக்கின்றன. நார் சீனாவுக்குப் போய் மெத்தையாகிறது. நாரை உதிர்க்கும்போது விழும் தூள் மலைபோலக் குவிந்து நாறிக்கொண்டிருந்தது. அதையும் கழுவி உப்பை நீக்கி, அழுத்தி, ஐந்து கிலோக் கட்டியாக்கி, மண்ணில்லாமல் செடி வளர்க்கும் ஐரோப்பியப் பசுமைக்குடில்களுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். குப்பையைக் கப்பல் ஏற்றியவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஆனால் அந்தத் தூளைக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வியும் உண்டு. நார் மில்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் மாசு இல்லாத தொழில்களின் வெள்ளைப் பட்டியலிலிருந்து, மாசு உள்ள தொழில்களின் ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியபோது தொழில்காரர்கள் கொதித்தார்கள். மில்லுக்குப் பக்கத்தில் கிணறு வைத்திருப்பவர்களிடம் பேசினால் வேறு கதை கேட்கும்.

என் பயம் இனிமேல்தான். சந்தை ஊர் பிழைத்ததே சரக்கை மாற்றிக்கொண்டதால். சோளம் போய்ப் பருத்தி, பருத்தி போய்க் கடலை. விலை விழுந்தால் அடுத்த ஆடியில் வேறு விதை. தென்னையில் அது முடியாது. நட்டவன் அறுபது வருடத்துக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறான். 2023-ல் அரவைக் கொப்பரைக்கு அரசின் ஆதார விலை கிலோவுக்கு ரூ.108.60. வெளிச் சந்தையில் எண்பது ரூபாய்க்குக் கேட்க ஆள் இல்லை. தேங்காயைத் தெருவில் உடைத்துப் போராடினார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் அதே கொப்பரை இருநூறைத் தாண்டியது. விலை ஏறியதற்கு விளைச்சல் விழுந்ததும் காரணம் என்பதால், அந்த விலையில் விற்கப் பலரிடம் காயே இல்லை.

காய் ஏன் இல்லை? 2016-ல் சுருள் வெள்ளை ஈ இந்தப் பக்கம்தான் முதலில் கண்ணில் பட்டது. ஓலையின் அடியில் சாறு உறிஞ்சும், மேலே கரும்பூசணம் படர்ந்து மரமே புகை பிடித்த மாதிரி நிற்கும். மழை நன்றாகப் பெய்தால் ஓரளவு தேறும். வேர் வாடல் நோய் அப்படி இல்லை. எந்தக் கணவாய் வழியாகக் காசும் காற்றும் வந்ததோ, அதே வழியாகக் கேரளத்திலிருந்து வந்த நோய் அது. ஓலைகள் விலா எலும்பு மாதிரி உள்வாங்கி வளையும், காய் சிறுக்கும். மரம் உடனே சாவதில்லை, தோப்புக்காரரைப் பல வருடம் நம்பவைத்துக்கொண்டே தேயும். மருந்து கிடையாது. நோய் முற்றிய மரத்தை வெட்டி அகற்றுவதுதான் வழி. என் உறவுக்காரர் ஒருவர் தன் அப்பா நட்ட மரங்களை வெட்டிச் சாய்த்த அன்று சாளைக்குள் (தோட்டத்து வீடு) போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.

நல்லதும் நடக்கிறது. ஆனைமலை, கோட்டூர்ப் பக்கம் தென்னை நிழலில் ஜாதிக்காய், கொக்கோ, மிளகு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே மரத்தை நம்பாமல் தோப்புக்குள்ளேயே ஒரு சின்னச் சந்தையை நட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். எனக்கு நம்பிக்கை தருகிறவர்கள் அவர்கள்தான். ஆனால் அதற்குத் தோப்புக்குள் தினமும் நடக்கும் மனிதர் வேண்டும்.

இப்போது உங்கள் நாலு ஏக்கருக்கு வருகிறேன். மன்னார்குடியில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறை வந்து பார்ப்பதாக இருந்தால் வாங்க வேண்டாம். மகள் ஊரிலேயே வந்து தங்குவதாக இருந்தால் யோசிக்கலாம். யோசித்தால், பத்திரத்துக்கு முன்னால் சிலவற்றைக் கேளுங்கள். எந்த மண்டலம், எந்த மடை, கடைசியாக எப்போது தண்ணீர் பாய்ந்தது? கிணற்றைச் சித்திரை, வைகாசியில் போய்ப் பாருங்கள், ஐப்பசியில் எந்தக் கிணறும் அழகாகத்தான் இருக்கும். மரத்துக்கு என்ன வயது? உங்கள் தோப்பைவிடப் பக்கத்துத் தோப்பை நன்றாகப் பாருங்கள், வாடல் வேலி பார்த்து நிற்காது. விற்பவர் ஏன் விற்கிறார் என்பதை அவரிடம் கேட்பதைவிட, அங்கே காய் வெட்டுகிற ஆளிடம் கேளுங்கள். அவருக்கு ஒவ்வொரு மரத்தின் காய்ப்பும் தெரியும்.

அடுத்த முறை போகும்போது ஒரு வியாழக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். விடியற்காலையில் சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு மாட்டுச் சந்தைக்கு நடங்கள். அவருடைய அப்பா அங்கே மாடு பிடித்திருப்பார். இப்போது தோப்பாக இருக்கும் இடத்தில் அவர் அப்பா என்ன விதைத்தார் என்று அங்கே நின்றபடியே மெதுவாகக் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.